கேட்காமல் கிடைக்க வேண்டியது

காலர்டு கீரையை அலசுவது எங்கள் வீட்டில் எல்பர்ட் அண்ணனின் வேலை. ஜூலை மாதத்தில் எங்கள் டாலிவர் குடும்பம் முழுக்கப் பூங்காவில் கூடும் சனிக்கிழமைக்கு முந்தின நாள், அவன் சமையலறைத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, ஒரு கை உப்பைப் போட்டு, கீரையை அதில் அமுக்கி வைப்பான். மண் அடியில் இறங்கியதும் இலைகளைத் தூக்கிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவான். தொட்டியின் அடியை விரலால் தடவிப் பார்த்து, ஒரு மணல்கூட நெருடாமல் போகும்வரை திரும்பத் திரும்ப இதே வேலை. பிறகு தண்டை உருவி, இலைகளைச் சுருட்டி, நாடா மாதிரி மெல்லிசாக நறுக்குவான். பக்கத்து அடுப்பில் புகை போட்ட வான்கோழிக் கழுத்து கொதித்துக்கொண்டிருக்கும். மெம்ஃபிஸில் எங்கள் கறுப்பர் பேட்டைப் பெண்கள் பலருக்கு அந்தக் கைப்பக்குவம் கிடையாது. சட்டைக்குத் தானே கஞ்சி போட்டு இஸ்திரி போடுவான். அவன் ஜீன்ஸில்கூட மடிப்பு கத்தியாக நிற்கும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டால், எழுந்து போய்த் தனக்கு ஒரு தட்டு சாப்பாடு எடுத்துக்கொள்ளத் துப்பில்லாத ஆள் என்று அவனை நினைக்கத் தோன்றும்.

வனெட்டா பாய்கின் அவன் வாழ்க்கையில் வந்தபோது அண்ணனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஏசி, ஹீட்டர் பழுது பார்ப்பவன். பக்கவாட்டில் தன் பெயர் எழுதிய ஒரு வேன், ஒயிட்ஹேவனில் சொந்த வீடு, ஞாயிறு தவறாமல் சபை. கல்யாணம் மட்டும் ஆகவில்லை. சனிக்கிழமை காலை முடிவெட்டும் கடையில் உட்கார்ந்தால் மத்தியானம்தான் எழுவான். அங்கே பேச்சு எப்போதும் ஒன்றுதான்: நம் பெண்களுக்கு ஆறடி உயரம் வேண்டும், ஆறு இலக்கச் சம்பளம் வேண்டும், அதற்கு மேல் பேசாமல் கேட்கிற காதும் வேண்டும், நீ ராஜாடா, எவளுக்காகவும் கிரீடத்தைக் கழற்றாதே. நான் கூந்தல் பின்னிக்கொள்ளப் போகும் கடையிலும் இதே பாட்டைத் தலைகீழாகப் பாடுவார்கள். நம் ஆண்களுக்குத் தங்கள் அம்மா மாதிரி சமைக்கிற கை வேண்டும், பத்திரிகை அட்டைப் பெண் மாதிரி இடுப்பு வேண்டும், வாடகையில் பாதியும் தர வேண்டும். நீ ராணிடி, குறைத்துக்கொள்ளாதே. வீடு திரும்பினால் ராஜாவும் ராணியும் தனித்தனியே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து முன்தினத்து மீதியைச் சுட வைத்துச் சாப்பிடுவார்கள்.

வனெட்டா ஒரு நடுநிலைப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை. கல்வியில் டாக்டர் பட்டம் வாங்கியவள். பள்ளி நூலகத்தின் ஏசி நின்றுபோன ஒரு மே மாதம் எல்பர்ட் பழுது பார்க்கப் போனான். வேலைக்கு முன்னால் தரையில் துணி விரித்தான், முடித்ததும் தூசியைத் தானே துடைத்தான். அவள் கவனித்தது அதைத்தான். அடுத்த வாரம் ஏசிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அவனைத் திரும்பக் கூப்பிட்டாள். இதை என்னிடம் சொன்னபோது சின்னப் பெண் மாதிரி முகத்தை மூடிக்கொண்டாள்.

பழகத் தொடங்கிய புதிதில் ஒருநாள் என் சமையலறையில் உட்கார்ந்து அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஆறடியையும் விட்டுட்டேன், காலேஜ் பட்டத்தையும் விட்டுட்டேன் மாவிஸ். குதிகால் செருப்பு போட்டா உங்க அண்ணன் என் காதுக்குத்தான் வராரு. இதுக்கு மேல நான் எங்க இறங்குறது?"

அதே மாதம் எல்பர்ட் என் வாசல் விளக்கை மாட்டிக்கொண்டே, தனக்குச் சமைக்கத் தெரிந்த, குரல் உயராத ஒருத்தி வேண்டும் என்றுதான் எப்போதும் நினைத்திருந்ததாகவும், வனெட்டாவுக்கு முட்டை வறுக்கக்கூட வராது என்று தெரிந்தும் பழகுவதாகவும் சொன்னான். ஏணியிலிருந்து இறங்கும்போது, இதை அவள் புரிந்துகொள்ள வேண்டும் இல்லையா என்றான். இரண்டு பேருமே தான் கொடுத்த தள்ளுபடியைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். அடுத்தவர் எதை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறார் என்று கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஆனாலும் நன்றாகத்தான் இருந்தார்கள். அவள் வீட்டில் அவன் சமைத்தான். அவன் வேலைக்குப் போன இடங்களில் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தினாள். சபையில் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். அவன் பாடுவது சுருதி சேராது. முன்பு அவன் பக்கத்தில் இருந்தவர்கள் முழங்கையால் இடிப்பார்கள், வனெட்டா இடிக்கவில்லை.

முதல் கீறல் டிசம்பரில். வனெட்டாவின் கல்லூரிச் சங்கப் பெண்கள் வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஓட்டலில் நடத்தும் விருந்துக்கு அவனை அழைத்துப் போனாள். கறுப்புக் கோட்டு, வில் வைத்த டை, காலணியில் முகம் பார்க்கலாம். சங்கத்துத் தோழி ஒருத்தி, அவர் எந்தக் கல்லூரி என்று கேட்டிருக்கிறாள். அவன் வாயைத் திறக்கும் முன்பே வனெட்டா, அவர் ஒரு நிறுவனம் நடத்துகிறார் என்று சொல்லிவிட்டாள். பொய்யில்லை. ஒரு வேனும் ஒரு ஆளும் சேர்ந்தால் அதுவும் நிறுவனம்தான். அவன் அங்கே எதுவும் சொல்லவில்லை. வரும் வழியிலும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "என் வேலைக்கு ஒரு கோட்டு மாட்டிவிட்டா" என்றான்.

அந்த வருத்தத்தை அவளிடமே சொல்லியிருந்தால் அவள் மன்னிப்புக் கேட்டிருப்பாள், அப்படிப்பட்டவள்தான். சொல்லித் தெரியவேண்டியதில்லை என்று விட்டுவிட்டான்.

எங்கள் அப்பா சரக்கு ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கினவர். வாரம் முழுக்கத் தன் மகன் வயதுப் பையன்கள் அவரைப் பெயர் சொல்லி விரட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மேசையில் மட்டும் முதல் தட்டு அவருக்கு. அம்மா தன் கையால் எடுத்து வைத்துக் கொண்டுவந்து வைப்பாள். அதற்கு முன்னால் யாரும் கரண்டியைத் தொடக்கூடாது. ஒரு கோடைக்காலம் முழுக்க அம்மா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காரணம் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. எதிர்த் தெருவில் ஒரு வீட்டைக் கடக்கும்போது மட்டும் அம்மா தலையைத் திருப்பிக்கொள்வாள். அந்தக் கோடையிலும் தட்டு தவறாமல் வந்தது. அண்ணன் அந்தத் தட்டைப் பார்த்து வளர்ந்தான். அதை மேசையில் வைக்கும் சத்தத்தைக் கேட்டு நான் வளர்ந்தேன்.

அதனால்தான் அந்த ஜூலை மாதக் கூடல் அவனுக்குப் பெரிதாக இருந்தது. முதல்முறையாக ஒரு பெண்ணைக் குடும்பத்தின் முன்னால் கொண்டுவருகிறான். எல்லோரும் ஊதாச் சட்டை போட்டிருந்தோம், முதுகில் டாலிவர் என்று அச்சடித்திருந்தது. அவளுக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தான். அவள் கடையில் வாங்கின கேக்கோடு வந்தாள். பெண்கள் அதன் பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உருளைக்கிழங்கு சாலட் யார் கையால் செய்தது என்று விசாரிக்காமல் எங்கள் குடும்பத்தில் ஒரு வாய் வைக்க மாட்டார்கள். கடை கேக் என்றால் கேட்க வேண்டுமா. அதைப் பந்தியின் கடைசியில் வைத்தார்கள்.

எல்பர்ட் அவளை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மரத்தடியில் டாமினோ ஆடிக்கொண்டிருந்த ஆண்களிடம் போய்விட்டான். விலா எலும்புக் கறி இறங்கியது. ஜெபம் முடிந்தது. வரிசை நகர்ந்தது. மனைவிமார்களும் காதலிகளும் இரண்டு தட்டுகளோடு திரும்பி வந்து ஒன்றை மரத்தடியில் கொடுத்தார்கள். ஒவ்வொரு தட்டாக வந்தது. எல்பர்ட்டின் முன்னால் மட்டும் டாமினோ கட்டைகள்.

ஹோபர்ட் சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. "என்னடா எல்பர்ட்டு, ஒன் டாக்டரம்மா மருந்துச் சீட்டுதான் எழுதுவாங்களா? ஒரு கரண்டி மக்ரோனி போட மாட்டாங்களா?"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. எல்பர்ட்டும் சிரித்தான். கட்டையை ஓங்கி மேசையில் அடித்தான்.

நான் வனெட்டாவிடம் போனேன். வா, வரிசை குறைந்துவிட்டது என்றேன். எல்பர்ட் வரட்டும், சேர்ந்து போகிறோம் என்றாள். அவள் பக்கம் பார்த்தால் அதுவும் நியாயம்தான். பெயர் தெரியாத எழுபது பேருக்கு நடுவே முதல்முறை வந்திருக்கிறாள். அழைத்து வந்தவன் கை பிடித்துக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைப்பான் என்று உட்கார்ந்திருக்கிறாள். தவிர, அவள் அம்மா மூன்று ஆண்களுக்கு வரிசையாகத் தட்டு வைத்தவள். மூன்று பேரும் சாப்பிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். விரலில் மோதிரம் ஏறாமல் எவனுக்கும் தட்டு தூக்காதே என்று சொல்லித்தான் மகளை வளர்த்திருக்கிறாள். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

நான் அண்ணனுக்குத் தட்டு போடப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "விடு. அவ போடுறாளான்னு பாத்துக்கட்டும்." வனெட்டா காதில் விழாத மாதிரி மெதுவாகச் சொன்னாலும், அம்மாவின் மெதுவும் கொஞ்சம் சத்தம்தான்.

வெள்ளித்தாள் சுருளைக் கொண்டுவந்து பெண்கள் மீதியைக் கட்டத் தொடங்கினார்கள். எல்பர்ட் தானே அலசி நறுக்கிச் சமைத்த கீரையை யாரோ மருமகன் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனார்கள். எல்பர்ட்டும் வனெட்டாவும் ஒரு கவளம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

வழியில் ஒரு கடை ஜன்னலில் பொரித்த கெளுத்தி மீன் வாங்கி வேனுக்குள்ளேயே தின்றிருக்கிறார்கள். அப்புறம்தான் பேச்சு. இரண்டு பேருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், ஒரு வார்த்தை மாறவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு தட்டு கொண்டு வந்திருப்பேன் எல்பர்ட். மூணுகூட."

"கேட்டு வாங்குறதுக்கு அது என்ன ஓட்டலா?"

அதற்கு மேல் சண்டை இல்லை. பிரிவோம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் கூப்பிடட்டும் என்று அவன் இருந்தான், அவன் கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். முடிவெட்டும் கடையில் அவனுக்குத் தோளில் தட்டிக் கொடுத்தார்கள். அவளுக்கும் அவள் கடையில் யாராவது தட்டிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஆகஸ்டு முழுக்க இரண்டு பேரும் போனைக் கையோடு வைத்துக்கொண்டு அலைந்தார்கள். அவன் கூரை மேல் ஏறும்போதுகூடச் சட்டைப்பையில் வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒருநாள் அங்கிருந்து விழுந்து உடைந்தது.

அதன் பிறகு எல்பர்ட் ரெஜீனா என்று ஒருத்தியோடு இரண்டு வருடம் பழகினான். அவள் முதல் கூடலிலேயே மலை மாதிரி ஒரு தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். ஹோபர்ட் சித்தப்பா எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். தட்டு வைத்த அதே சுறுசுறுப்போடு அவள் தன் கார் தவணைக்கும் கையை நீட்டினாள். அவளைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கணக்கு. தட்டு வைத்தால் தாங்கவேண்டும். எல்பர்ட்டுக்கு அது கசந்துவிட்டது. வனெட்டாவுக்கு ஆறடி நான்கு அங்குலத்தில், பட்டத்தோடு ஒருவர் கிடைத்தார். சங்க விருந்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு நாஷ்வில்லில் இன்னொரு வீடு இருந்தது, அதில் இன்னொரு பெண்ணும்.

ஆறு வருடம் இப்படிப் போயிற்று. அம்மா போய்ச் சேர்ந்தாள். ஒரு ஜனவரி மாதம் குழாய்த் தண்ணீர் உறையும் குளிரில் வனெட்டா வீட்டு ஹீட்டர் நின்றது. அவள் எல்பர்ட்டைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டு, நல்ல ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டாள். இந்த ஊரில் எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும் என்றேன். பிறகு, சரி, வரச் சொல் என்றாள்.

ஹீட்டரைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவன் இரவு சாப்பாட்டுக்கும் இருந்துவிட்டான். அவன்தான் சமைத்தான். அந்தக் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் இருந்த மாதிரி அவனை நான் சந்தோஷமாகப் பார்த்ததில்லை. மூட்டு வலி இரண்டு பேருக்கும் வந்திருந்தது. ஒரே தைலத்தைப் பூசிக்கொண்டார்கள். அவள் குதிகால் செருப்பை விட்டிருந்தாள். அந்தச் சங்க விருந்தன்று நிறுவனம் என்று சொல்லியிருக்கக்கூடாது என்று அவளாகவே சொன்னாளாம். அவன் அதற்கு என்ன சொன்னான் என்று கேட்டேன். தைலம் போட்டு அவள் காலைப் பிடித்துவிட்டேன் என்றான். முடிவெட்டும் கடைக்கு மாதம் ஒருமுறைதான் போனான், முடி வெட்டிக்கொள்ள.

ஜூனில் அவளுக்கு சார்லட் நகரத்திலிருந்து அழைப்பு வந்தது. பெரிய உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. அவள் இருபது வருடமாக ஆசைப்பட்டது. எல்பர்ட் வேலைக்குப் போகிற இடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொன்னான். அவளிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இருக்க வேண்டும் என்று இருந்தால் இருப்பாள், அதை நான் சொல்லி வரவழைக்கக்கூடாது என்று என்னிடம் சொன்னான். நீ அவளோடு போகக்கூடாதா, ஏசி இல்லாத ஊரா அது என்று கேட்டேன். கூப்பிட்டால் யோசிக்கலாம் என்றான். அவளோ, அவன் வருவதாகச் சொன்னால் வீடு பார்க்கலாம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இவன் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவனிடமும் நான் கொண்டுபோகத்தான் செய்தேன். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: அதை என்கிட்ட வந்து சொல்லச் சொல்லு.

இப்போது அண்ணனுக்கு அறுபத்தொன்று. முழங்கால் போய்விட்டதால் கூரை வேலைக்கு ஆள் வைத்திருக்கிறான். கூடலுக்கு வருகிறான், கீரை அலசுகிறான். வனெட்டா சார்லட்டில் இருக்கிறாள்; கிறிஸ்துமஸுக்கு என்னோடு போனில் பேசுவாள். சபையைப் பற்றிக் கேட்பாள், என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பாள், மெம்ஃபிஸ் வெயிலைப் பற்றிக் கேட்பாள். அவளுக்கும் அங்கே யாரும் இல்லை. தங்கமான ஆண் என்று அவனையும் தங்கமான பெண் என்று அவளையும் ஊரெல்லாம் சொல்கிறது. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அந்த ஜூனில், அவள் சார்லட்டுக்குப் பதில் சொல்லவேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிறு, சபை முடிந்து எல்பர்ட் வீட்டு முன்னறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் தலையில் இன்னும் சபைத் தொப்பி. எழுந்து உள்ளே போகலாமா என்று பார்த்தேன். அவள் கையைக் காட்டி உட்கார வைத்தாள். சாட்சி வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"எல்பர்ட், நாளைக்கு அவங்களுக்குச் சொல்லணும். நான் போகவா, இருக்கவா?"

"நீ ஆசைப்பட்ட உத்தியோகம்தானே."

"உத்தியோகத்தைக் கேக்கல. நீ என்ன சொல்றேன்னு கேக்குறேன்."

அவன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினான். "நான் சொல்லி நீ இருந்தா, அது நீ இருந்த மாதிரி ஆகுமா?"

"நீ சொல்லாம நான் எதுக்குன்னு இருக்கறது?" கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் கடைசிப் பெஞ்சுப் பையனிடம் பேசுவது போல் மெதுவாகச் சொன்னாள். "எனக்கு ஐம்பத்திரண்டு ஆச்சு. எங்கம்மா யார்கிட்டயும் எதையும் கேக்காதேன்னா. நான் இப்போ கேக்குறேன். இருன்னு சொல்லு, இல்ல நானும் வரேன்னு சொல்லு. ரெண்டுல எதைச் சொன்னாலும் எனக்குப் போதும். சொல்றியா?"

அவன் வாய் அசைந்தது. நான் பார்த்தேன். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். தேவாலயத்திலிருந்து திரும்பும் கார்கள் தெருவில் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒன்று ஜன்னல் வழியே எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தது. எல்பர்ட் பழக்கத்தில் கையைத் தூக்கி அந்தக் காருக்குப் பதில் வணக்கம் சொன்னான். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டான்.

வனெட்டா தன் கைப்பையை எடுத்தாள். பாவாடை மடிப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். என் தோளில் ஒரு நிமிடம் கை வைத்து, வரேன் மாவிஸ் என்றாள். கதவருகே நின்று இன்னொரு முறை அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வெளியே போனாள்.